தன்னைத் தின்னக் கொடுக்கும் கம்பி

அமெரிக்காவில் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியில் ஊர் சுற்றுபவர்களுக்கு, விடியற்காலைக் குளிரில் குழாயைத் திறந்ததும் வரும் வெந்நீரைவிடப் பெரிய சுகம் இல்லை. வண்டியின் பக்கவாட்டில், சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கும் தொட்டிதான் அதைத் தருகிறது. பெரும்பாலும் 6 கேலன், அதாவது சுமார் 23 லிட்டர் கொள்ளும். கேஸில் சூடாகும், பல தொட்டிகள் கரண்டிலும் சூடாகும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஆனோடு கம்பி. சபர்பன் என்னும் நிறுவனத்தின் தொட்டி எஃகு. உள்ளே பீங்கான் பூச்சு. பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும் தண்ணீர் எஃகை அரிக்கத் தொடங்கிவிடும். அந்த அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள, வடிகால் திருகோடு சேர்ந்த மெக்னீசியக் கம்பி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. எஃகைவிட மெக்னீசியம் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும். அதனால் கரைவது அதுதான். புதிதாக மாட்டும்போது விரல் தடிமனில் வழவழவென்று இருக்கும். ஒரு வருஷம் கழித்துக் கழற்றினால், கறையான் அரித்த குச்சி மாதிரி குழிகுழியாக, சில இடங்களில் நடுக்கம்பி தெரிய வரும். கையில் பிடித்துப் பார்க்கையில் மரியாதை வருகிறது. முக்கால் பங்கு கரைந்திருந்தால் புதியது போட வேண்டும்.

கழற்றுமுன் சூட்டை நிறுத்தி, தண்ணீரை முழுக்க ஆறவிட்டு, பிரஷர் வால்வைத் திறந்துவிடுங்கள். அவசரப்பட்டால் கொதிநீர் மேலே அடிக்கும். மறுபடி தொட்டி நிரம்பி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். காலித் தொட்டியில் ஹீட்டர் சுருள் எரிந்துபோகும்.