கோடுகளில் குடியிருந்தவர்

கோல் மார்க்கெட்டின் வட்டக் கட்டடத்தைச் சுற்றி ஒரே அச்சில் வார்த்தாற்போல் நின்ற சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் குடியேறி, பிள்ளைகளை மந்திர் மார்க் மதராஸி ஸ்கூலில் படிக்கவைத்து, ரிடையரான கையோடு சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட குடும்பங்களின் கதை டெல்லித் தமிழருக்குப் புதிதல்ல. முற்றமும் சமையலறையும் பக்கத்து வீட்டாருக்கும் நமக்கும் அங்குலம் பிசகாமல் ஒன்றே. ஆயினும் நம் வீடு நம் வீடாகவே ஞாபகத்தில் நிற்கிறது. அந்தக் குவார்ட்டர்ஸ்களில் பல இன்று இடிபட்டுவிட்டன. இவ்வாறு பிறர் கூரையின்கீழ் ஆயுளைக் கழித்த ஜனங்களுக்கு, ஜரீனா ஹாஷ்மியின் சித்திரங்களைப் போல நெருக்கமான கலை வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

1937ல் அலிகாரில் சரித்திரப் பேராசிரியரின் மகளாகப் பிறந்து, கணிதம் பயின்று, ராஜதந்திரியை மணந்து, பாங்காக், பாரிஸ், டெல்லி, டோக்கியோ என்று ஊர் ஊராக மாறி நியூயார்க்கில் தங்கிய இந்த அம்மையார், தாம் இருந்த வீடுகளை 1997ல் ‘ஒன்பது கோடுகளில் ஒரு ஜீவிதம்’ என்ற தொகுப்பில் வெறும் தரைப்படங்களாக வரைந்தார். மனிதர் இல்லை, மேஜை நாற்காலி இல்லை. சுவர்களின் தடம் மட்டுமே. கணிதம் கற்றவரின் சிக்கனம் அது. ஆனால் வறட்சி அல்ல. 1999ல் செய்த ‘வீடு ஓர் அந்நிய தேசம்’ என்ற 36 மரச்செதுக்கு அச்சுகளில் வாசல், முற்றம், மழை, தூரம் என ஒவ்வொன்றின் கீழும் ஓர் உருதுச் சொல் அமர்ந்திருக்கிறது.

அவருடைய கைத்திறத்தின் உச்சம் என்று நான் கருதுவது 2001ல் வெளிவந்த ‘பிரிவினைக் கோடு’. இந்தியா பாகிஸ்தான் எல்லையைக் கட்டையில் கீறாமல், அதன் இருபுறத்து மரத்தையும் உளியால் தோண்டியெடுத்து, கோட்டை மட்டும் மேடாக நிறுத்தினார். உளிக்குத் தப்பிய சிராய்கள் வெண்பரப்பெங்கும் சிறு கறுப்புத் துணுக்குகளாகப் பதிந்து கிடக்கின்றன. 1959ல் அவர் பெற்றோர் குடிபெயர்ந்தது இக்கோட்டைத் தாண்டித்தான். சக்கரம் பூட்டிய குட்டி வீடுகளையும் உலோகத்தில் வார்த்திருக்கிறார். அவை எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை, கருத்து முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

இழந்த வீட்டையே கலையாக்கிய இன்னொருவர் கொரியக் கலைஞர் டோ ஹோ சு. சியோலில் தாம் வளர்ந்த வீட்டை 1999ல் இளம்பச்சைப் பட்டில் முழு அளவில் தைத்து, கூரையிலிருந்து தொங்கவிட்டார். பிற்பாடு நியூயார்க் வீட்டைத் துணியில் தைத்தபோது ஸ்விட்சையும் கதவுக் குமிழையும்கூட விட்டுவைக்கவில்லை. பிரமிப்புத்தான். ஆனால் எல்லாவற்றையும் அவரே தைத்துவிட்டபின் நமக்கென்று அங்கே இடம் ஏது? ஜரீனாவின் காலி அறையிலோ என் தாயாரின் அம்மியைக்கூட நான் கொண்டுபோய் வைக்கலாம். அந்த வகையில் இவரையே மேலாகச் சொல்வேன்.

2020 ஜனவரியில் டெல்லி கிரண் நாடார் மியூசியத்தில் ஜரீனாவின் பெரிய கண்காட்சி தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் லண்டனில் அவர் காலமானார். இனி எங்கே அவருடைய அச்சுகள் காட்சிக்கு வந்தாலும், குவார்ட்டர்ஸில் வளர்ந்த நம்மவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.