சும்மா கிடக்காத நினைவகம்

மார்த்தாண்டம் சந்தைப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் மேசை ஒருநாளும் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. காலையில் நாலு பேர் கேட்ட மிளகும் சீரகமும் அங்கேயே கிடக்கும். குடோனுக்குத் திருப்பிக் கொண்டுபோனால், ஐந்தாவது ஆள் வரும்போது மறுபடி நடக்க வேண்டுமே!

லினக்ஸ் கெர்னலுக்கும் இந்தக் கடைக்காரப் புத்தி உண்டு. வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை, வேலை முடிந்த பிறகும் நினைவகத்திலேயே வைத்திருக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் தேடி எடுக்கச் சில மில்லிவினாடி; நினைவகத்தில் சுமார் நூறு நானோவினாடி. எட்டு ஜிபி நினைவகம் என்பது 4 கேபி பக்கங்களாக ஏறத்தாழ 21 லட்சம். அத்தனையையும் வெறுமனே போட்டுவைப்பதுதான் வீண்.

புதிய மூட்டை வந்தால்? வெகுநேரம் யாரும் கேட்காததை முதலில் ஒதுக்கும். வட்டில் அதே பிரதி இருக்கும் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். திருத்தப்பட்ட பக்கமானால், வட்டில் எழுதிய பிறகே விடும். கடன் சீட்டைப் பேரேட்டில் ஏற்றாமல் கடைக்காரர் கிழிப்பாரா?

‘ஃப்ரீ’ கட்டளை காட்டும் சொற்ப மிச்சத்தைக் கண்டு நானும் பதறி, கெர்னல் இப்படிச் சேர்த்துவைத்த பிரதிகளான கேஷைத் துடைத்துப் பார்த்தவன்தான். கணினி மந்தமானதுதான் மிச்சம். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ என்ற எண்ணை. கெர்னலே போடும் உத்தேசக் கணக்கு அது, 2014இல் 3.14 பதிப்போடு வந்தது.