புன்னகைக்குப் பின் வந்த ஆண்டுகள்

நலம் பெற்ற கதையைக் கேட்பதில் நமக்குச் சலிப்பு வருவதே இல்லை. நவநாள் மறையுரையாகட்டும், அருங்கொடைச் செபக்கூட்டமாகட்டும், சாட்சியம் சொல்ல ஒருவர் எழுந்து நின்றால் கூட்டம் தானாக அடங்கிவிடுகிறது. குழந்தைப் பருவத்தில் பட்ட காயம், நெடுநாள் கண்ணீர், ஒரு நாள் செபத்தில் கிடைத்த அமைதி, அதன்பின் குறையொன்றுமில்லாத மகிழ்ச்சி. பெரும்பாலான சாட்சியங்களின் கட்டமைப்பு இதுவே. இத்தகைய கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பீடத்தில் நின்று நிறையச் சொல்லியும் இருக்கிறேன். ஆயினும், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தன்வரலாற்றை அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்தபோது, இக்கட்டமைப்பு எவ்வளவு குறைபாடுடையது என்பது புலனாயிற்று. குருமடத்து நாள்களில் அந்நூலை மலர்களும் பனித்துளிகளும் நிறைந்த பக்தி நூலாகவே வாசித்தேன். இன்று அது காயம்பட்ட ஒரு குழந்தையின் வரலாறாகத் தெரிகிறது.

"ஓர் ஆன்மாவின் வரலாறு" என்று நாம் அறிந்துள்ள இந்நூல் ஒரே மூச்சில் எழுதப்பட்டதன்று. மூன்று கையெழுத்துப் பகுதிகள் சேர்ந்தே நூலாயின. முதற்பகுதி 1895ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் லிசியே கார்மேல் மடத்துத் தலைவியாக அப்போதிருந்த அன்னை ஆக்னெசின் கட்டளைப்படி எழுதப்பட்டது. அன்னை ஆக்னெஸ் வேறு யாருமல்லர்; தெரேசாவின் உடன்பிறந்த தமக்கை பவுலின்தான் அவர். இரண்டாம் பகுதி 1896 செப்டம்பரில் மூத்த தமக்கை மரிக்கு எழுதிய மடல். மூன்றாம் பகுதி 1897 சூன் திங்களில், சாவின் வாயிலில் இருந்து, அப்போதைய தலைவி அன்னை மரி தெ கொன்சாகுக்கு எழுதியது. அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று தம் 24ஆம் வயதில் தெரேசா காசநோயால் இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து நூல் வெளிவந்தது. தங்கையின் நடையை அன்னை ஆக்னெஸ் ஏராளமான இடங்களில் திருத்தியிருந்தார். தெரேசா எழுதியபடியே மூலப் படிகள் வெளிவந்தது 1956இல்தான். குழந்தைப் பருவத்தைப் பற்றிய செய்திகள் முதற்பகுதியிலேயே உள்ளமையால் அதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

தெரேசா 1873 சனவரி 2 அன்று அலான்சோன் நகரில் பிறந்தார். நோய்வாய்ப்பட்ட சிசுவாக இருந்ததால், சில மாதங்களிலேயே தாயைப் பிரிந்து, ஒரு சிற்றூரில் பால் கொடுத்து வளர்க்கும் செவிலித்தாயிடம் ஓராண்டு வளர்ந்தார். வீடு திரும்பிய குழந்தைக்குத் தாய் நெடுநாள் நிலைக்கவில்லை. 1877 ஆகஸ்டு 28 அன்று செலி மார்ட்டின் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு நாலரை வயது கடந்திருந்தது. அந்நாளைப் பற்றி அவர் எழுதும்போது மலர்களும் இல்லை, பனித்துளிகளும் இல்லை. தாம் அதிகம் அழவில்லை என்கிறார். யாரிடமும் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்ததாகச் சொல்கிறார். பெரியவர்கள் தத்தம் துயரத்தில் இருக்க, சிறுமி தனியே நடையில் நிற்கிறாள். அங்கே சவப்பெட்டியின் மூடி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் உயரம் முழுவதையும் காண அவள் தலையை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. இந்த ஒரு செய்திக்காகவே தெரேசாவைத் தேர்ந்த எழுத்தாளர் எனலாம். "துயருற்றேன்" என்று அவர் எழுதவில்லை; மூடியின் உயரத்தை மட்டுமே எழுதுகிறார்.

அடக்கம் முடிந்த நாளில் தமக்கை செலின் மூத்தவள் மரியைத் தாயாகத் தெரிந்துகொண்டாள். தெரேசா பவுலினைத் தெரிந்துகொண்டார். குறும்பும் கலகலப்புமாக இருந்த குழந்தை, அன்றுமுதல் ஒரு பார்வைக்கே கண்ணீர் விடும் கூச்சமுள்ள குழந்தையாக மாறியதாக அவரே எழுதுகிறார். ஐந்தாண்டு கழிந்தது. தான் பெரியவளாகும்வரை பவுலின் தனக்காகக் காத்திருப்பாள் என்று அவர் நம்பியிருந்தார். ஒருமுறை விளையாட்டாகச் சொன்ன வாக்குறுதி அது. குழந்தை அதை வாக்குறுதியாகவே வைத்துக்கொண்டது. ஆனால் பவுலின் விரைவில் கார்மேல் மடத்தில் சேரப்போவதைத் தமக்கையர் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கேட்க நேர்ந்தது. 1882 அக்டோபர் 2 அன்று பவுலின் போய்விட்டாள். இரண்டாம் முறையாகத் தாய் போனாள்.

அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா நாளில், மாமா இறந்த தாயைப் பற்றிப் பேசிய அன்று மாலையே, பத்து வயதுச் சிறுமி நடுக்கம் கண்டு படுக்கையில் விழுந்தாள். வெருட்டும் காட்சிகள் தோன்றின. மருத்துவரால் ஆவது ஒன்றும் இல்லை. 1883 மே 13, தூய ஆவியார் பெருவிழா. தமக்கையர் அறையிலிருந்த அன்னை மரியாவின் சுரூபத்தின்முன் மண்டியிட்டு மன்றாடினர். சிறுமியும் சுரூபத்தை நோக்கித் திரும்பினாள். அன்னை புன்னகைப்பதைக் கண்டாள், நோய் நீங்கிற்று.

நம் செபக்கூட்டங்களில் சாட்சியம் இந்த இடத்தோடு முடிந்துவிடும். தெரேசா இங்கே முடிக்கவில்லை. அவருடைய நூலின் உண்மைத்தன்மை இதற்குப் பின் வரும் பக்கங்களில்தான் விளங்குகிறது. கண்டதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள அவர் விரும்பினார். மரி அதை எப்படியோ கண்டுபிடித்து, கேட்டுக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். கார்மேல் மடத்துச் சகோதரிகளுக்கும் தெரிவித்தார். சிறுமி மடத்துக்குச் சென்றபோது கேள்விகள் சூழ்ந்தன. அன்னையின் கையில் குழந்தை இயேசு இருந்தாரா? ஒளி மிகுதியாக இருந்ததா? அன்னை மிக அழகாயிருந்தார், புன்னகைத்தார் என்பதற்குமேல் அச்சிறுமியிடம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டவர்களின் எதிர்பார்ப்புக்கு அது போதவில்லை. அதிலிருந்து தாம் பொய் சொல்லிவிட்டோமோ என்ற ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. நோயையே தாம் வேண்டுமென்று வரவழைத்துக்கொண்டோமோ என்ற மற்றோர் ஐயமும் சேர்ந்தது. முதல் ஐயம் 1887 நவம்பரில் பாரிசு நகரத்து வெற்றி அன்னை ஆலயத்தில்தான் நீங்கிற்று. மற்றது அதற்கடுத்த ஆண்டு மடத்தில் சேர்ந்தபின் ஓர் அருள்தந்தையின் சொல்லால் தீர்ந்தது. குணமளித்த அருளை, நல்லெண்ணம் கொண்ட பக்தர்களின் ஆவல் நாலைந்து ஆண்டுகளுக்கு வேதனையாக மாற்றிவிட்டது.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் பங்குத்தந்தையான தொடக்க ஆண்டுகளில், தகப்பனைத் திடீரெனப் பறிகொடுத்த ஒரு பிள்ளை பல மாதங்களாகப் பேச்சற்றிருந்தாள். ஒரு நாள் மாதா கெபியின்முன் பாட்டியோடு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவள் வாய்திறந்தாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலியின் முடிவில் அவளை ஒலிவாங்கியின்முன் நிறுத்தினேன். மாதா என்ன சொன்னார்கள், எப்படி இருந்தது என்று திருப்பலி முடிந்தபின் ஆளாளுக்குக் கேட்டார்கள். பிள்ளை மீண்டும் ஊமையானாள். "சாமி, வந்த பேச்ச நாமளே தொரத்திவிட்டுட்டோமே" என்று பாட்டி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அன்றே இந்நூலைக் கவனமாகப் படித்திருந்தால் அப்பிழையைச் செய்திருக்க மாட்டேன்.

நூலுக்குத் திரும்புவோம். உடல் நோய் 1883இல் நீங்கிய பின்னும் உள்ளத்துக் காயம் அப்படியே இருந்தது. சிறு செயலுக்கும் அழுவார். அழுதுவிட்டோமே என்று மறுபடியும் அழுவார். எதைச் செய்தாலும் பாவமோ என்ற அச்சம் வேறு. மரியும் 1886 அக்டோபரில் மடத்துக்குப் போய்விட்டார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழா நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பிய நேரம். குழந்தைகளுக்காகக் கணப்பருகே காலணிகளில் பரிசு வைப்பது அந்நாட்டு வழக்கம். இவ்வாண்டோடு இது முடிந்தால் நல்லது என்று களைப்போடு தந்தை சொன்னது மாடிப்படியேறிக்கொண்டிருந்த தெரேசாவின் செவியில் விழுந்தது. இப்போது கீழே போகாதே, அழுதுவிடுவாய் என்று செலின் தடுத்தாள். தெரேசா கண்ணீரை அடக்கிக்கொண்டு இறங்கினார். தந்தையின் முன் அமர்ந்து, பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்து மகிழ்ந்தார். நாலரை வயதில் இழந்த மனவலிமையை அன்றிரவு திரும்பப் பெற்றதாக எழுதுகிறார்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இழந்தது எப்போது என்பதை அவர் திட்டமாக அறிந்திருக்கிறார். தாயின் இறப்புக்கும் அந்தக் கிறிஸ்து பிறப்பு இரவுக்கும் இடையே உள்ள தொடர்பை எந்த உளவியல் நூலும் அவருக்குக் கற்பிக்கவில்லை. மற்றொன்று, அந்த அருள் காட்சியாக வரவில்லை. பதினான்கு வயதை நெருங்கும் ஒரு பெண், களைத்த தந்தையின் மனம் நோகாதபடி மாடிப்படி இறங்கி வந்தாள், அவ்வளவே. இறையருள் மனித இயல்பை ஒதுக்கிவிட்டுச் செயல்படுவதில்லை, அதன் வழியாகவே செயல்படுகிறது என்று குருமடத்தில் படித்த இறையியலுக்கு இதைவிட எளிய விளக்கம் நான் கண்டதில்லை.

நூலின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. முதற்பகுதியின் நடையில் அக்காலத்துப் பிரெஞ்சு நடுத்தரக் குடும்பப் பக்தியின் சருக்கரை மிகுதி. கொஞ்சுமொழி அடுக்கடுக்காக வருகிறது. தந்தையையும் தமக்கையரையும் குறையற்றவர்களாகவே தீட்டுகிறார். தம் நோயைச் சாத்தானின் வேலையாகக் கருதும் விளக்கம், அதன் மனித வேர்களைக் காண விரும்பும் இன்றைய வாசகருக்கு நிறைவளிக்காது. இனிப்பை மட்டும் சுவைத்துப் புத்தகத்தை மூடிவிடுவோர் பலர் என்பதில் வியப்பில்லை.

ஆனால் இனிப்பின் ஊடே ஒரு துணிவான செயல் நடக்கிறது. இப்பகுதி யாருக்காக எழுதப்பட்டது என்பதை நினைவுகூருங்கள். விட்டுப் பிரிந்த பவுலினுக்கே, அவருடைய கட்டளைப்படி, அவரையே முன்னிலையாக்கித் தெரேசா எழுதுகிறார். அந்தப் பிரிவை யாரேனும் மெல்லச் சொல்லியிருந்தால் தாம் இவ்வளவு துன்புற்றிருக்க மாட்டோம் என்பதையும் அவரிடமே சொல்கிறார். குற்றஞ்சாட்டும் குரல் இல்லை. காயமே இல்லை என்ற பாசாங்கும் இல்லை. 1883இல் பிறர் வற்புறுத்திப் பெற்ற கதை அவரை நோயாளியாக்கியது. 1895இல், காலம் கனிந்தபின், அன்புள்ள செவி ஒன்று காத்திருக்க, தம் கையால் எழுதிய அதே கதை அவருடைய நன்றிப்பாடலாகிறது. இந்த வேறுபாடுதான் நூலின் உயிர் என்பது என் கணிப்பு. மடத்தில் அன்னை ஜெனெவியேவ் இறந்தபோது அவ்வளவே பெரிய மற்றொரு சவப்பெட்டியின்முன் தாம் நின்றதையும், இம்முறை தலையை நிமிர்த்த வேண்டியிராததையும் அவர் இப்பகுதியிலேயே குறிக்கிறார். சவப்பெட்டி சிறுத்துவிடவில்லை. பார்த்தவர் வளர்ந்திருந்தார்.

குறையொன்றுமில்லாத மகிழ்ச்சியும் தொடரவில்லை. மனம் பேதலித்த தந்தை 1889இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1896 உயிர்ப்புக் காலந்தொட்டு இறக்கும்வரை, விண்ணகம் உண்டா என்ற இருளிலேயே தெரேசா நம்பினார். நலம் பெற்றவர் மீண்டும் துன்புறமாட்டார் என்று அவர் எங்கும் எழுதவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1997 அக்டோபர் 19 அன்று அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். காயத்தைப் பற்றிய உண்மையையும் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தெரேசாவின் காயங்கள் யாருடைய குற்றத்தாலும் விளைந்தவையல்ல. மரணமும் பிரிவும் தந்தவை. ஒரு குழந்தை மற்றொருவரின் கொடுமையால், அதிலும் பாலியல் கொடுமையால் காயப்பட்டிருக்குமானால், அதனிடம் தெரேசாவைக் காட்டி, மன்னித்து மறந்துவிடு என்று சொல்வது புனிதரின் பெயரால் செய்யும் அநீதி. அங்கே முதற்கடமை குழந்தையின் பாதுகாப்பு. அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பதை 2012ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. குற்றவாளி கோயிலைச் சேர்ந்தவராயின் நம் கடமை இன்னும் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. மருத்துவரும் மனநல ஆலோசகரும் செபத்துக்குப் போட்டியாளர்கள் அல்லர். தெரேசாவின் தந்தையும் மருத்துவரை அழைத்தார். அதோடு பாரிசில் நவநாள் திருப்பலிக்கும் ஏற்பாடு செய்தார்.

நம் பங்குகளில் சாட்சியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்பவர் தம் காலத்தில், தம் சொற்களில் சொல்லட்டும். முடியாத கதையை முடிந்ததாகச் சொல்லும்படி நாம் தூண்டாதிருப்போம். இந்நூலைப் படித்தோர் மீண்டும் ஒருமுறை, இனிப்பைக் கடந்து, சவப்பெட்டி மூடியின்முன் நிற்கும் அந்தச் சிறுமியோடு சற்று நின்று படிக்க வேண்டுகிறேன்.

நான் ஒலிவாங்கியின்முன் நிறுத்திய பிள்ளை, பல மாதங்கள் கழித்து மீண்டும் பேசினாள். கெபியின்முன் நடந்ததைப் பற்றி மட்டும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.