கூழில் நெய் வார்த்தவர்கள்

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பிற் கற்பித்து வருகிறேன். தம் குழந்தையின் சிறிய கை துழாவிக் கலைத்த கூழ் பெற்றோருக்கு அமிழ்தத்தினும் இனிமை தரும் என்று வள்ளுவர் கூறும் இடம் வந்ததும் மாணவர் முகம் மலரும். எல்லோரும் ஒரு காலத்தில் பிறர் சோற்றில் கைவிட்டவர்கள்தாமே! ஆசிரியனுக்கும் அன்றைய பாடம் எளிது. ஆனால் சென்ற தவணையில் ஒலுவில் துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்தக் கூழை எத்தனை பேர் தின்கிறார்கள்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுடைய உம்மா அவன் சிறுவனாயிருந்த நாள்முதல் அரபு நாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். வாப்பாவும் அவனும் ஒரே பீங்கானில் உண்டு வளர்ந்தவர்கள்.

நான் அன்று விடை கூறாமற் பாடத்தை நகர்த்திவிட்டேன். விடை எனக்குத் தெரியாது என்பதே உண்மை. வீட்டுக்கு வந்து பரிமேலழகர் உரையைப் புரட்டினேன். இக்கட்டுரை அங்கே தொடங்குகிறது.

பரிமேலழகர் கூழ் என்பதற்குச் சோறு என்று பொருள் கூறுகிறார். குழந்தையின் கை அதனைத் துழாவுதல் எத்தகையது என விளக்குவதற்குப் புறநானூற்றின் 188ஆம் பாட்டை மேற்கோளாகக் காட்டுகிறார். பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் அரசன் பாடிய பாட்டு அது. தத்தித் தத்தி நடந்து வரும் குழந்தை கையை நீட்டுகிறது, தொடுகிறது, வாயிற் கவ்வுகிறது, பிசைகிறது, நெய்ச்சோற்றைத் தன் உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. உலக இலக்கியத்தில் எங்கே வைத்தாலும் தலைகுனியாத காட்சி. ஆனால் அந்த வீடு எத்தகைய வீடு? பல்வகைச் செல்வமும் படைத்து, பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வனின் வீடு. அரசன் தன் வீட்டைப் பார்த்துத்தான் பாடினான். அதில் அவனைக் குறைகூற இடமில்லை. குறள் கூறிய கூழுக்கு உரையாசிரியர் அந்த அரண்மனைச் சோற்றை எடுத்துவந்து விளக்கம் தந்தார் என்பதே கவனிக்க வேண்டியது. கூழில் நெய் வார்க்கப்பட்டது இப்படித்தான்.

பழைய வழக்கிற் கூழ் என்பது உணவு என்னும் பொதுப்பொருளிலும் வரும். ஆகவே உரையாசிரியர் பிழை செய்தார் என்று கூற நான் துணியவில்லை. எனினும் பொதுப்பொருள் கொண்ட ஒரு சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தேடும்போது கை எந்த வீட்டுப் பானையை நோக்கிப் போகிறது என்பது அற்பமான செய்தியன்று. அவருக்குப் பின் வந்த உரைகளிலும் நாம் பயன்படுத்தும் பாடக்குறிப்புகளிலும் அந்தக் குழந்தை நிறைந்த வீட்டின் நடுவில், தாயும் தந்தையும் இருபுறமும் அமர, நெய்ச்சோற்றைச் சிந்திக்கொண்டே இருக்கிறது. குறள் அப்படி எதுவும் கூறவில்லை. அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது; அதன் கை இருக்கிறது; அந்தக் கூழை உண்ணும் பெற்றோர் இருக்கின்றனர். அப்பெற்றோர் இருவரா, ஒருவரா என்பதற்குக் குறளில் விடையில்லை.

அப்படியானால் ஏழை வீட்டுப் பானையைத் தமிழ்ப் புலவர் பார்க்கவில்லையா? பார்த்தனர், கூர்ந்து பார்த்தனர். பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் வேண்டிப் பாடிய 160ஆம் புறப்பாட்டில், எண்ணெய் காணாத தலையுடைய சிறுவன் சோறில்லாத பழம் பானையைத் திறந்து திறந்து பார்த்து அழுகிறான். பாலற்ற மார்பினளான தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள், எதுவும் பலிக்காதபோது, உன் தந்தைமேல் உனக்கு எவ்வளவு கோபம் என்று காட்டு என்கிறாள். தந்தை பரிசில் தேடி வழியில் இருக்கிறான். இன்று நம் கிராமத்தில் நடப்பதாக எழுதினால் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் குடும்பமோ வேளைக்கீரையை உப்பின்றி அவித்து எல்லோரும் கூடியிருந்து உண்கிறது. ஆனால் அதற்கு முன் அந்த வீட்டுப் பெண் வாயிற்கதவை அடைக்கிறாள். அறிவிலார் கண்டு பழிப்பரே என்னும் நாணம். நெய்ச்சோறு உண்பவனுக்குக் கதவடைக்கும் தேவை இல்லை.

இவ்விரு வீடுகளிலும் உணவில்லாமைக்குக் காரணம் வறுமை. பானை வெறுமையாயிருந்தது, ஆகவே பகிர முடியவில்லை. இனி நான் கூறப்போவது வேறு வகையான வீடு. அங்கே அரிசி இருந்தது.

தாயங்கண்ணியார் பாடிய 250ஆம் புறப்பாடு கணவனை இழந்த மனைவியையும் அவள் பிள்ளைகளையும் பற்றியது. ஒரு காலத்தில் தாளித்த கறியின் மணம் வாயிலிலேயே இரவலரைத் தடுத்து நிறுத்திய மாளிகை. இப்போது அவள் கூந்தலைக் களைந்துவிட்டாள், வளையலைக் கழற்றிவிட்டாள், அவளுக்கு உணவு அல்லி. அதே பாட்டின் இறுதியிற் குடுமித் தலைப் பிள்ளைகள் வருகின்றனர். நல்ல சோறு பெற்றும் அது போதாமல் இனிய பாலும் வேண்டுமென்று கேட்கும் பிள்ளைகள். அவர்களின் தந்தை சுடுகாட்டை நோக்கிப் போய்விட்டான்.

அந்தச் சோறு தந்தை இருந்த காலத்துச் சோறா, இறந்தபின் இடப்பட்ட சோறா என்பதைப் பாட்டு திட்டமாகக் கூறவில்லை. இரண்டு வகையாகவும் பொருள் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் ஒரே பாட்டுக்குள், ஒரே வீட்டுக்குள், பிள்ளையின் சோறும் தாயின் அல்லியும் தனித்தனியே நிற்கின்றன. அந்தத் தாய் பிள்ளைக்குக் கொடுத்துத் தீர்ந்ததால் அல்லி உண்ணவில்லை. வளமான மாளிகை என்று புலவரே கூறுகிறார். கணவன் இறந்ததால் அவளுக்கு அரிசி விலக்கப்பட்டது. பிள்ளை தன் சோற்றிலிருந்து ஒரு கவளம் எடுத்து அவள் வாயருகே நீட்டினால் அவள் என்ன செய்திருப்பாள்? பாட்டில் இல்லாத காட்சிதான்; ஆனால் குழந்தை வளர்த்த எவரும் அது நடந்திருக்கும் என்பதை மறுக்கமாட்டார்.

ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இளமையில் ஆம்பல் தழையாடையாயிற்று. கணவன் மாய்ந்தபின் அதே ஆம்பலின் விதை உணவாயிற்று என்று ஒரு பெண் கூறுகிறாள். அந்த உணவையும் உரிய பொழுதில் உண்ண இயலாது. வேளை தவறிய பின்பே உண்ண வேண்டும் என்பது அப்பாட்டில் ஒரு சிறு குறிப்பாக வருகிறது. உரை படிப்போர் பெரும்பாலும் இதைத் தாண்டிச் சென்றுவிடுவர். எனக்கோ இதுதான் பாட்டின் மையமாகத் தோன்றுகிறது. உணவை மட்டும் பிரித்தால் தாயும் பிள்ளையும் அருகருகே அமர்ந்தாவது உண்ணலாம். பொழுதையும் பிரித்துவிட்டால் அதுவும் முடியாது. பிள்ளை உண்ணும் வேளையில் தாய் உண்ணக்கூடாது. தாய் உண்ணும்போது பிள்ளை உறங்கியிருக்கும்.

பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு 246ஆம் பாட்டில் இந்த உணவை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறாள்: நெய் தீண்டாத, நீர் பிழிந்த சோற்றுக் கவளம், எள்ளுத் துவையல், புளி சேர்த்து வெந்த வேளையிலை. அதை உண்டு, பாயின்றிப் பருக்கைக் கல்லிற் படுத்திருக்கும் பெண்களில் நான் ஒருத்தியல்லள் என்று தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் கூறிவிட்டுத் தீயிற் புகுகிறாள். நம் பண்டிதர்கள் இப்பாட்டைக் கற்பின் திண்மைக்குச் சான்றாகப் பாராட்டுவர். இருக்கட்டும். ஆனால் ஓர் அரசி, சாவதற்கு முன்பு, தனக்கு விதிக்கப்படவிருந்த சாப்பாட்டின் விவரத்தை எதற்காக ஒப்பிக்க வேண்டும்? கைம்பெண்ணின் உணவைப் பற்றித் தமிழில் எழுந்த மிகக் கடுமையான கண்டனம் அதுவென்றே நான் படிக்கிறேன்.

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிற் கொண்டுவந்த பின், தலைமுறை தலைமுறையாக நாம் அதில் வீரத்தையும் கொடையையும் தேடி எடுத்தோம். பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் அப்பாடல்களை வீரயுகத்தின் விளைவாக வைத்து ஆராய்ந்தார். நம்மிற் பலருக்குக் கண்திறந்த நூல். வீரயுகத்திற் போர்க்களத்தில் விழுந்தவனைப் பாடப் பாணன் இருந்தான். அவன் விட்டுச்சென்ற அடுப்பைப் பாடியவர் சிலரே. அவர்களுள் ஒருவரான தாயங்கண்ணியார் பெண் என்பதை நாம் தற்செயல் என்று விட்டுவிடலாமா?

இந்தக் காட்சிகளுக்கு முற்றிலும் எதிரான ஒன்றைக் காண நான் தமிழுக்கு வெளியே போக வேண்டியிருந்தது. சார்லி சாப்ளின் 1921இல் எடுத்த 'தி கிட்' என்னும் மௌனப்படம். அநாதைக் குழந்தையை எடுத்து வளர்க்கும் நாடோடி ஒருவன், மனைவி கிடையாது, ஒற்றை அறை. ஐந்து வயதுப் பையன் அடை சுடுகிறான். பெரியவன் கட்டிலிற் படுத்துப் பத்திரிகை வாசிக்கிறான். பிறகு கிழிந்த போர்வையையே அங்கியாக மாட்டிக்கொண்டு எழுந்து வந்து, அடைகளை இருவருக்கும் சமமாகப் பங்கிடுகிறான். எனக்குப் பசியில்லை, நீ தின் என்னும் வழக்கமான பொய் அங்கே இல்லை. பையனின் பசியும் அவனுடைய பசியும் ஒன்று. சாப்ளின் இலண்டனின் ஏழைத் தெருக்களில், தனித்து நின்ற தாயால் வளர்க்கப்பட்டவர்; அவரும் தாயும் தமையனும் 1896இல் ஏழையர் விடுதியிற் புகுந்தவர்கள். பட்டினி கிடப்பது புனிதம் என்று அவருக்கு யாரும் கற்பிக்க முடியாது.

நம் சிறுகதைகளிலும் திரைப்படங்களிலும் தாய் என்றால் உண்ணாதவள். சட்டியின் அடியை வழித்துப் பிள்ளைக்கு இட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுப்பவள். முற்போக்கு எழுத்தாளர் என்று நாம் மதிப்போரும் இந்தத் தாயை விட்டபாடில்லை. அவள் தண்ணீர் குடிக்கும் இடத்தில் வாசகன் கண்ணீர் விடுகிறான். அத்தோடு கதை முடிகிறது. சட்டி ஏன் காலியாயிற்று என்னும் கேள்வி அந்தக் கண்ணீரில் நனைந்து போகிறது. தாயங்கண்ணியார் இப்படி எழுதவில்லை. அவர் தாயின் தியாகத்தைப் புகழவே இல்லை. அந்த மாளிகையைப் பார்த்து, நீ பொலிவிழந்தாய் என்று மட்டுமே கூறினார்.

ஒலுவில் என்னும் பெயருக்கு எங்கள் பகுதியில் ஒரு பொருள் சொல்வார்கள்: ஒலு என்பது ஆம்பல்; வில் என்பது குளம். சிங்களத்திலும் ஆம்பலுக்கு ஒலு என்றே பெயர். அதன் விதையை அரிசிபோற் சமைத்து உண்ணும் வழக்கம் இத்தீவில் இருந்தது. அல்லியரிசி தன்னளவில் இழிந்த உணவன்று. பஞ்சத்தில் உழவனைக் காத்த உணவு. ஒரு பெண்ணைத் தனியே அமர்த்தி, வேளை தப்பி, இதை மட்டும் உண் என்று கூறும்போதுதான் அது தண்டனையாகிறது.

எங்கள் முஸ்லிம் ஊர்களிற் கைம்பெண்ணுக்கு உணவு விலக்கு இல்லை. நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தாலும் சோறு சோறுதான். விருந்தென்றால் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பதும் எங்கள் வழக்கம். இதைப் பெருமையாகக் கூறிக்கொள்ளலாம். ஆனால் வெளியே போய் உழைக்க அவளுக்கு வழியில்லாதபோது, யார் சோறு கொண்டுவருவது என்னும் கேள்வியை அந்தப் பெருமை தீர்ப்பதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று வந்த கடல் இலங்கையில் அம்பாறை மாவட்டத்தில்தான் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது, 10,000க்கும் மேல். பெண்களும் குழந்தைகளுமே பெருந்தொகையினர். நான் அப்போது பள்ளிச் சிறுவன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மணமகன் மனைவி வீட்டுக்கு வருபவன். அடுப்படி அவனுக்கு அந்நிய தேசம். அந்த ஆண்களிற் பலர் தறப்பாள் கூடாரத்துக்குள் முதன்முதலாக அரிசி களைந்தார்கள். கரைவலை இழுத்த கையால் முள் நீக்கிய சூடை மீனைப் பிள்ளையின் கவளத்தில் வைத்ததை நான் கண்டிருக்கிறேன். சோறு சில நாள் குழைந்திருக்கும். சில நாள் அரிசியாகவே இருக்கும். பிள்ளையும் அவர்களும் ஒரே பீங்கானில் உண்டார்கள், வேறு பீங்கான் இல்லாததாலும். அந்தத் தந்தையரைப் பற்றிய ஒரு நல்ல சிறுகதையை நான் இன்னும் படிக்கவில்லை.

பின்னர் துறைமுகம் வந்தது. 2013இல் திறந்துவைத்தார்கள். கடலில் அணை போட்டதும் மணல் தன் வழியை மாற்றிக்கொண்டது: துறைமுக வாயிலில் வந்து குவிந்து படகுகளை மறித்தது, அடுத்திருந்த கரையையோ கடல் அரித்துத் தென்னைகளோடு தின்றது. வலை காய்ந்த இடம் கடலாயிற்று. மீன் குறைந்த வீடுகளிலிருந்து ரியாத்துக்கும் குவைத்துக்கும் விமானம் ஏறிய பெண்களில் என் மாணவனின் உம்மாவும் ஒருவர்.

மறுவாரம் அவனை அழைத்து, குறளில் எத்தனை பேர் என்று கூறப்படவில்லை, உன் வாப்பாவும் நீயும் என்று கொண்டாலும் பொருள் பொருந்தும் என்றேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். இரவு எட்டரை மணிக்குச் சோற்றுப் பானையிற் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் உண்போம் என்றான். அங்கே அப்போது மாலை ஆறு மணியாம். உம்மா திரையில் தெரிவார். ஆணம் என்ன என்று கேட்பார். மீனின் நடுத்துண்டு யாருக்கு என்று கேட்பார். ஆனால் அந்த வேளையில் எசமான் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் உணவூட்ட வேண்டும். அவர்கள் உண்டு, பெரியவர்கள் உண்டு, பாத்திரம் கழுவி முடிந்த பின்புதான் தனக்கென எடுத்துக்கொள்வார்.

"எங்களுக்கு அப்போது நடுச்சாமம் தாண்டிவிடும், சேர்," என்றான்.