நழுவலுக்கு முந்தைய வளைவு

தென்கேரளத்தில் எங்கள் பெருங்கடவிளை, மாராயமுட்டம் பக்கத்துக் கல்குவாரிகளில் பாறை முழுக்க விரிசல்கள். பெரும்பாலானவை வெறும் விரிசல்கள்தான். இருபுறத்துப் பாறையும் ஒன்றையொன்று உரசி நகர்ந்து, அதன் வரிகள் பொருந்தாமல் விலகி நின்றால்தான் அது பிளவுப்பெயர்ச்சி. நிலநடுக்கக் குறும்படம் பார்க்க உட்காரும்போது இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் பாதிப் படம் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஐரிஸ் என்ற பெயரில் இயங்கிய நிலநடுக்கவியல் அமைப்பு பள்ளிகளுக்காக எடுத்த அனிமேஷன் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் தொடங்குங்கள். முதல் தடவை ஒலியை அணைத்துவிடுங்கள். பிளவுக்குக் குறுக்கே நேராக ஓடும் வேலியையோ சாலையையோ மட்டும் கவனியுங்கள். இரு பக்கமும் எதிரெதிராக நகர நகர, அது அறுபடாமல் மெல்ல வளையும். பிறகு ஒரே நொடியில் நழுவல். 1906இல் சான்பிரான்சிஸ்கோவை உலுக்கிய நடுக்கத்தை ஆராய்ந்து அறிவியலாளர் ரீட் 1910இல் சொன்ன விளக்கம் இதுதான். எல்லோரும் நழுவலுக்குக் காத்திருப்பார்கள். எனக்கு உயிர் அந்த வளைவில்தான். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என நூற்றாண்டுகளாகச் சேரும் வளைவைப் பத்து நொடிக்குள் காட்டும்போது, காலத்தைச் சுருக்கியிருப்பதையும் படம் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாத படம் குழந்தையைக் குழப்பிவிடும்.

அடுத்து, மரக்கட்டையை ரப்பர் பட்டையால் உப்புத்தாள்மேல் இழுக்கும் செய்முறைப் படம். இங்கே ஒலி வேண்டும். ஒரே சீராக இழுத்தும் கட்டை விட்டுவிட்டுத்தான் பாயும். எப்போது பாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நடுக்கத்தின் நாளையும் நேரத்தையும் ஏன் யாராலும் குறிக்க முடிவதில்லை என்பது பிள்ளைகளுக்கு இதில் நன்றாகவே பிடிபடும். பூமி வாய்பிளந்து ஊரை விழுங்கும் காட்சி வந்தால் மட்டும் நம்பாதீர்கள்.

இந்தக் குறும்படங்கள் பெரும்பாலும் ஜப்பான், கலிபோர்னியா போன்ற தட்டு விளிம்புகளின் கதைகள். நாம் இருப்பதோ தட்டின் உள்ளே. இங்கும் நடுக்கம் உண்டு: 1900இல் கோயம்புத்தூர், 1993இல் லாத்தூர், 2000 டிசம்பரில் ஈராற்றுப்பேட்டை. இமயத்தில் மோதும் தட்டின் அழுத்தம் தட்டின் உள்ளே உள்ள பழைய, பலவீனமான பிளவுகளிலும் சேர்கிறது. இதை நம் பிள்ளைகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லும் படங்கள் நிறைய வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அப்படி ஒன்று வந்தால், நமக்கு வடக்கே உள்ள அச்சன்கோவில் மண்டலத்தை அது எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் அந்த நீண்ட கோட்டை வைத்துப் பயமுறுத்தினால் நிறுத்திவிடலாம். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழத்தில், வெப்பத்தில் இளகி இழுபட்ட பாறையின் தழும்பு அது என்று பொறுமையாக விளக்கினால், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுக்கப் பாருங்கள்.