மூப்பும் மூப்புப் பூச்சும்
கூடைப்பந்துக் காலணி பற்றிய ஒரு திறனாய்வு

இலக்கியத்தைத் திறனாய்தல் நமக்குப் பழக்கமான செயல். சிற்பத்தையும் ஓவியத்தையும் ஆராய்ந்து நலம் தீது கூறுவாரும் நம்மிடையே உளர். ஆனால், காலில் மாட்டும் சப்பாத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்று சிலர் வினவக்கூடும். கொள்ளலாம் என்பதே நம் விடை. மக்கள் விரும்பிச் சேர்ப்பதும், மிகுந்த விலை கொடுத்து வாங்குவதும், இது நல்லது, இது போலி என்று வாதிடுவதுமாகிய எப்பொருளும் திறனாய்வுக்கு உரியதே. அமெரிக்காவில் தோன்றி இன்று உலகெங்கும் சேகரிப்போரைப் பெற்றுள்ள கூடைப்பந்துக் காலணி அத்தகைய பொருள்களுள் ஒன்று. அதன் மூப்பை எங்ஙனம் மதிப்பிடுவது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்வது ‘ஏர் ஜோர்டான் 1’. 1984ஆம் ஆண்டு சிகாகோ புல்ஸ் அணியில் சேர்ந்த மைக்கேல் ஜோர்டானுக்காக நைக்கி நிறுவனம் ஆக்கிய காலணி அது. வடிவமைத்தவர் பீட்டர் மூர். 1985இல் கடைகளுக்கு வந்தபோது அதன் விலை 65 டாலர். வெள்ளை, சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று நிறங்களைத் தாங்கிய ஜோடியைச் சேகரிப்போர் ‘சிகாகோ’ என்றே வழங்குவர்.

முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், அதே நிறுவனம் அதே காலணியை ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்னும் பெயரில் மீண்டும் வெளியிட்டது. விலை 180 டாலர். 1994இலும் 2015இலும் மறுபதிப்புகள் வந்ததுண்டு. ஆயினும் 2022இன் பதிப்பு முன்னவை செய்யாத ஒன்றைச் செய்தது. கணுக்காலைச் சூழும் கருந்தோலில் ஆலையிலேயே வெடிப்புகள் உண்டாக்கப்பட்டன. அடிப்பகுதிக்குத் தூய வெண்மைக்கு மாறாக மங்கிய பழுப்பு வெண்மை கொடுக்கப்பட்டது. பெட்டி நைந்ததுபோலத் தோன்றியது. மூடி வேறொரு பெட்டியினுடையதுபோல் இருந்தது. உள்ளே பழங்காலத்துக் கடைச்சீட்டின் படி ஒன்றும் வைக்கப்பட்டது. ஏதோ ஒரு சிறு கடையின் பின்னறையில் மறந்து கிடந்த ஜோடி இப்பொழுது கண்டெடுக்கப்பட்டது என்பது அது சொல்லும் கதை. அக்காலணி மிகுந்த வரவேற்பைப் பெற்றது. அவ்வரவேற்புக்கு அது தக்கதுதானா?

தேய்வு எழுதும் எழுத்து

புதுக் காலணி எல்லார்க்கும் ஒன்றே. ஒரே அச்சில் வார்த்த அடி. ஒரே அளவில் வெட்டிய தோல். அணியத் தொடங்கிய பின்னரே அது ஒருவர்க்கு உரியதாகிறது. நடக்கும்போதும் குதிக்கும்போதும் பாதம் விரல்களின் அருகே வளைகிறது; அவ்விடத்து மேல்தோலில் குறுக்குக் கோடுகள் விழுகின்றன. பாதத்துக்குப் பாதம் அக்கோடுகள் வேறுபடும். குதிகாலை இழுத்து நடப்பவரின் காலணி பின்விளிம்பில் தேயும். ஏர் ஜோர்டான் 1இன் அடியில், முன்பாதத்தின் கீழே, வட்டத்துள் வட்டமாகக் கோடுகள் உண்டு. ஆட்டக்காரர் ஒரு காலை ஊன்றிச் சுழல்வதற்கென அமைந்தவை அவை. சிறுசிறு விண்மீன் வடிவங்களும் அங்கு உண்டு. பழைய ஜோடியை வாங்குவோர் அதனைப் புரட்டி, விண்மீன்கள் எவ்வளவு அழிந்துள்ளன என்று பார்த்தே அது எவ்வளவு உழைத்தது என்று அறிவர்.

இத்தடங்கள் சான்றாகவும் நிற்கின்றன. இன்ன ஆட்டத்தில் இன்ன வீரர் அணிந்த காலணி இதுவே என நிறுவ விரும்பும் வல்லுநர், அவ்வாட்டத்தின் நிழற்படங்களைப் பெரிதாக்கி, தோலின் மடிப்பையும் கீறலையும் தையலின் பிறழ்ச்சியையும் கையிலுள்ள காலணியோடு ஒப்பிடுகின்றனர். பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்தபின் தெறித்த மாணிக்கப் பரல் வழக்கைத் தீர்த்தது. இங்கே உடைக்க வேண்டுவதில்லை. மேல்தோலின் வடுவே பரலாகிறது.

அணியாமலும் மூப்பு உண்டு

தேய்வுக்கு அஞ்சிக் காலணியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்போர் பலர். ஒருமுறையும் அணியப்படாத பழைய ஜோடியை அவர்கள் ‘டெட்ஸ்டாக்’ என்பர். ‘செத்த சரக்கு’ என்பது அதன் நேர்ப்பொருள். பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. டிங்கர் ஹாட்ஃபீல்டு வடிவமைத்து 1988இல் வெளிவந்த ஏர் ஜோர்டான் 3 போன்ற காலணிகளின் நடு அடி, பாலியூரிதேன் என்னும் நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அந்நுரைக்குள் புகுந்து அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. வேதியியலார் இதனை நீராற்பகுப்பு என்பர். வெளியே பார்த்தால் காலணி புதிது. காலில் மாட்டிப் பத்தடி நடந்தால் அடி பிட்டுப்போல் உதிர்ந்துவிடும். ஆண்டு முழுதும் புழுக்கமும் ஈரமும் நிறைந்த சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இவ்வழிவு இன்னும் விரைந்து நேரும். ஏர் ஜோர்டான் 1இன் அடி ரப்பரால் ஆனதாதலின் அவ்வாறு உதிர்வது அரிது. எனினும் அதன் தோல் வறண்டு வெடிக்கும்.

1990இல் வந்த ஏர் ஜோர்டான் 5இன் ஒளி ஊடுருவும் அடியோ காற்றாலும் வெளிச்சத்தாலும் மஞ்சளிக்கும். அந்த மஞ்சளைப் போக்குவதற்காக ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த குழம்பைப் பூசி, ஒளியில் வைத்துக் காத்திருப்பாரும் உளர். ஒருபுறம் சேகரிப்போர் உண்மையான மஞ்சளைப் போக்கப் பாடுபடுகின்றனர்; மறுபுறம் ஆலை செயற்கைப் பழுப்பை ஏற்றி விற்கிறது. இம்முரண்பாடு எண்ணத்தக்கது. மக்கள் விரும்புவது மூப்பை அன்று, மூப்பின் தோற்றத்தையே என்பதை இது காட்டுகிறது.

யாருடைய தேய்வு?

சந்தையின் தீர்ப்பு இன்னும் விந்தையானது. 1984ஆம் ஆண்டு ஜோர்டான் ஆட்டத்தில் அணிந்த ‘ஏர் ஷிப்’ ஜோடி, 2021 அக்டோபரில் சதபீஸ் ஏலத்தில் 14 இலட்சத்து 72 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. 1998 இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் அவர் அணிந்த ஏர் ஜோர்டான் 13, 2023 ஏப்ரலில் ஏறத்தாழ 22 இலட்சம் டாலர் பெற்றது. இவற்றின் மடிப்பும் கறையும் விலையை உயர்த்தின. அதே மடிப்பு ஒரு மாணவனுடைய காலணியில் விழுந்தால் விலை இறங்குகிறது. இராமன் பாதுகை அரியணை ஏறியது மரத்தின் சிறப்பால் அன்று. சந்தை அளப்பதும் புகழையே, தேய்வை அன்று. திறனாய்வாளர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

தேய்வின் மெய்யான மதிப்பை வேறொரு நிகழ்ச்சி விளக்கும். 1998 மார்ச் 8ஆம் நாள், நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில், ஜோர்டான் தம் தொடக்கக் காலத்து ஏர் ஜோர்டான் 1ஐ மீண்டும் அணிந்து ஆடினார். 42 புள்ளிகள் எடுத்தார்; அவர் அணி வென்றது. ஆனால் காலணி பாதத்தை இறுக்கி வருத்தியது. ஆட்டம் முடிந்தபோது காலில் குருதி கசிந்திருந்தது. காலணிக்கும் வயதாகியிருந்தது, பாதமும் பழைய பாதமாக இல்லை. அழகுக்காக ஏற்றிய பழமை எதிலும் இந்த நோவு இராது.

மறுபதிப்பின் நிறையும் குறையும்

2022இன் மறுபதிப்பில் நிறைகள் இல்லாமல் இல்லை. நிறங்களின் அமைதி கண்ணுக்கு இனியது. அது யாரையும் ஏமாற்றவில்லை. வெடிப்பு ஆலையில் இடப்பட்டது என்பதை வாங்குவோர் அறிந்தே வாங்கினர். 1985இன் ஜோடியை வாங்க இயலாத எளியோர்க்கு அதன் நினைவையேனும் அளித்தது. பழமையும் அழகே என்று இளைஞரை எண்ணச் செய்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல.

குறைகள் இரண்டு. முதலாவது, உறுப்புகளிடையே ஒருமை இல்லை. கழுத்துப் பட்டையில் நாற்பதாண்டு மூப்பு; முன்தோலிலோ ஒரு மடிப்பும் இல்லை; அடியின் விண்மீன்கள் அனைத்தும் கூர்மையாக உள்ளன. நெஞ்சில் துயர் இன்றிக் கண்ணில் மட்டும் நீர் வந்தால் அதனை மெய்ப்பாடு என்று தொல்காப்பியம் கற்றோர் கொள்வரோ?

இரண்டாவது குறையே பெரிது. உ. வே. சாமிநாதையர் போன்றோர் செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து நூல்களைப் பதிப்பித்தனர். அவர்கள் நமக்குத் தந்தது மூலபாடத்தை. செல்லரித்த துளைகளை அன்று. ஏர் ஜோர்டான் 1இன் மூலபாடம் யாது? 1985இல் கடையில் அது பளிச்சென்ற புதுக் காலணியாகவே இருந்தது. அந்தப் புதுமையே மூலபாடம். வெடிப்பும் மஞ்சளும் பின்னர் ஒவ்வோர் உரிமையாளரும் காலமும் சேர்ந்து எழுதிய உரைகள். 2022இன் பதிப்பு மூலத்தை விட்டு உரையை அச்சிட்டது. அதுவும் ஒரே உரையை எல்லா ஜோடிகளுக்கும் அச்சிட்டது. வாங்கியவர் பத்தாண்டு அணிந்தபின் தோலில் தம் வெடிப்பு எது, ஆலையின் வெடிப்பு எது என்று பிரித்தறிய இயலாது. அவர் எழுத வேண்டிய இடத்தில் வேறொருவர் முன்னரே எழுதிவிட்டார்.

ஆதலின் அதனை அழகிய பொருள் என்று ஏற்கலாம்; சிறந்த மறுபதிப்பு என்று ஏற்பதற்கில்லை. காலணி சேர்க்கும் மாணவர்கள் இன்று நம் வகுப்பறைகளிலும் உளர். அவர்கட்கு ஆசிரியர் கூறத்தக்கது ஒன்றுண்டு. வாங்கியதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் நம் நாட்டு ஈரம் அதனைத் தின்றுவிடும். பூசிய பழமையை நாடினால் பிறருடைய கதையே மிஞ்சும். புதியதாக வாங்குக, திடலில் இறங்கி அணிந்து ஆடுக. சில ஆண்டுகளில் அதன் மடிப்பும் தேய்வும் அணிந்தவர் பெயரைச் சொல்லும். அதற்கு ஏலத்தில் விலை இராது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.