கேட்டதை எழுதுதலும் உடனிருந்து கேட்டலும்: திருவெள்ளறை – திருவரங்க உரைமரபும் நேரலை எழுத்துரையும்

முன்னுரை

கூட்டத்திலோ கருத்தரங்கிலோ ஒருவர் பேசும்போதே அப்பேச்சை எழுத்தாக்கித் திரையில் காட்டுவதை நேரலை எழுத்துரை எனலாம். காது கேளாதோரும் செவித்திறன் குறைந்தோரும் நிகழ்வில் உடனுக்குடன் பங்கேற்க இது வழிசெய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் (2016), தகவல்தொடர்பு என்பதன் வரையறைக்குள் எழுத்துக் காட்சியையும் அடக்குகிறது. அதன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகைமொழி பெயர்ப்பு, எழுத்துரை ஆகியவை கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. எனினும் தமிழ்க் கருத்தரங்குகளில் எழுத்துரை பரவலான வழக்காகவில்லை.

பேச்சை எழுத்தாக்குதல் தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. திருவெள்ளறை, திருவரங்கம் ஆகிய ஊர்களோடு பிணைந்த வைணவ உரைமரபு அதற்குச் சான்று. அம்மரபை நேரலை எழுத்துரையின் முன்னோடியாகக் கொள்வது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திருவெள்ளறை வழிவந்த கேள்வி மரபு

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் வழியிலுள்ள திருவெள்ளறை, நாதமுனிகளின் மாணவர் உய்யக்கொண்டாரும் இராமானுசரின் மாணவர் எங்களாழ்வானும் தோன்றிய ஊர். எங்களாழ்வானிடம் ஸ்ரீபாஷ்யம் பயின்றவர் நடாதூர் அம்மாள். அம்மாள் காஞ்சியில் அந்நூலை விரித்துரைத்தபோது கேட்டவற்றைச் சுதர்சன சூரி வடமொழியில் எழுதிவைத்தார். அதுவே சுருதப்பிரகாசிகை. கேட்கப்பட்டதை விளங்கச் செய்வது என்பது அப்பெயரின் பொருள். சூரியின் வருகைக்காக அம்மாள் பாடத்தைத் தொடங்காது காத்திருந்தார் என்றும், ஏனைய மாணவர்கள் மனக்குறையுற்றபோது முன்னாள் பாடத்தைச் சூரி பிறழாது ஒப்பித்துக் காட்டினார் என்றும் மரபு கூறும். எழுதுவோனின் தகுதி அவன் செவியிலும் நினைவிலும் அளக்கப்பட்டதை இச்செய்தி காட்டுகிறது.

ஈடும் ஆசிரியர் ஒப்புதலும்

13ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்தார். பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் ஓலையில் எழுதினார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. தம் இசைவின்றி எழுதியதற்கு நம்பிள்ளை காரணம் வினவினார் என்றும், மறவாமைக்காக எழுதியதாக மாணவர் விடை கூறினார் என்றும், ஓலைகளை வாங்கிப் பார்வையிட்ட ஆசிரியர் பின்னர் அவற்றை ஈயுண்ணி மாதவரிடம் ஒப்படைத்தார் என்றும் குருபரம்பரைச் செய்திகள் கூறுகின்றன. அதன்பின் ஈடு தலைமுறைக்கு ஒருவர் என்ற முறையில் கைமாறி, 15ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் வழியாகவே திருவரங்கத்தில் பலரறிய விரித்துரைக்கப்பட்டது.

இச்செய்திகளில் மூன்று கூறுகள் எழுத்துரைக்கு நேரடித் தொடர்புடையன. முதலாவது, மொழிநடை. ஈடு மணிப்பிரவாளத்தில் அமைந்தது. அவையில் வழங்கிய கலப்பு நடையையும் உரையாடல் ஓட்டத்தையும் அது தூய்மைப்படுத்தி அழிக்கவில்லை. இன்றைய தமிழ்ப் பேச்சாளர் எழுத்துவழக்கு, பேச்சுவழக்கு, ஆங்கிலம் ஆகிய மூன்றையும் கலந்தே பேசுகிறார். ‘வந்துட்டாங்க’ என்பதை ‘வந்துவிட்டார்கள்’ என மாற்றுவது பிழையன்று. ஆனால் கேட்போர் பெறும் தொனியை வாசிப்போர் இழப்பர். எதை மாற்றுவது, எதை விடுவது என்னும் முடிவை எழுத்துரையாளர் நொடியில் எடுத்தாக வேண்டியுள்ளது.

இரண்டாவது, அளவை. அமெரிக்காவில் எழுத்துரையாளர் தேர்வு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று வேகத்தை அளக்கிறது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவே’ என்பதும் ஒரு சொல். ‘வா’ என்பதும் ஒரு சொல். ஆதலின் சொல்லெண்ணிக்கை இங்குப் பொருந்தா அளவை. உரைமரபின் ‘படி’யோ மெய்யெழுத்து நீங்கலாக 32 எழுத்தைக் கொண்டது, முப்பத்தாறாயிரப்படி என்பது 11,52,000 எழுத்து. தமிழ் எழுத்துரையாளர்க்குத் தேர்வு வகுப்போர் எழுத்தை அலகாகக் கொள்வதற்கு இம்மரபு வழிகாட்டுகிறது.

மூன்றாவது, ஒப்புதல். இங்குதான் முன்னோடி என்னும் வாதம் தளர்கிறது. நம்பிள்ளை பார்வையிட்ட பின்னரே ஈடு ஏற்புடைய நூலாயிற்று. 2023 பிப்ரவரி 21 அன்று உச்சநீதிமன்றம் அரசியல்சாசன அமர்வின் விசாரணையைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் உடனுக்குடன் எழுத்தாக்கத் தொடங்கியது. வழக்கறிஞர்கள் சரிபார்த்தபின் பதிவை வெளியிடுவது என்னும் ஏற்பாடும் அப்போது செய்யப்பட்டது. ஆவணத்துக்கு இத்தகைய சரிபார்ப்பு இன்றியமையாதது. அவையில் அமர்ந்திருக்கும் காது கேளாத ஆய்வாளருக்கோ சரிபார்க்கப்பட்டு மறுநாள் வரும் பிழையற்ற பனுவலைவிட, சில பிழைகளோடு அந்நொடியே வரும் வரியே பயன்தரும்.

பதிவும் பங்கேற்பும்

சுதர்சன சூரியும் வடக்குத் திருவீதிப்பிள்ளையும் அவையில் இருந்து, செவியால் கேட்டு, அவை கலைந்தபின் எழுதியவர்கள். அவர்கள் எழுத்து அவையில் இல்லாதவர்க்கும் பின்வருவோர்க்கும் உரியது. நேரலை எழுத்துரையோ அவையில் இருந்தும் கேட்க இயலாதவர்க்கு உரியது. காலத்தைக் கடத்தல் முன்னதன் நோக்கம்; காலத்தாழ்வைக் களைதல் பின்னதன் நோக்கம்.

இவ்வேறுபாட்டின் விளைவை ஈடே உணர்த்துகிறது. பட்டரிடம் நஞ்சீயர் எழுப்பிய வினாக்களும் பட்டர் தந்த விடைகளும் அதில் பலவிடங்களில் பதிவாகியுள்ளன. கேட்போர் குறுக்கிட்டு வினவியதால் வளர்ந்த உரை அது. வினவுவதற்கு முதலில் பேச்சு எட்டியிருக்க வேண்டும். அதுவும் விடை கூறுபவர் அவையில் இருக்கும்போதே எட்டியிருக்க வேண்டும். நிகழ்வு முடிந்தபின் அச்சுநூலும் காணொலியும் தந்து கடமை முடிந்ததாகக் கருதும் கருத்தரங்கு, காது கேளாதவரை வாசகராக மட்டுமே ஏற்கிறது. வினவும் உரிமையுடைய அவையோராக ஏற்பதில்லை.

முடிவுரை

திருவெள்ளறை – திருவரங்க உரைமரபு எழுத்துரைக்கு நடையிலும் அளவையிலும் முன்னோடியாகிறது. காலத்திலும் பயனாளரிலும் ஆவதில்லை. மரபில் முன்னரே உள்ளது என்னும் பெருமிதத்தால் இவ்விடைவெளியை மறைத்தல் தகாது. கட்டுரையாளர்கள் தம் கட்டுரையையும் கலைச்சொற்பட்டியலையும் எழுத்துரையாளரிடம் முன்கூட்டியே அளித்தல், திரையில் ஓடும் வரிகளையும் சரிபார்க்கப்பட்ட பதிவையும் தனித்தனியே பேணுதல், எழுத்து திரையை எட்டும்வரை காத்திருந்து வினா நேரத்தை நடத்துதல் ஆகியவை கருத்தரங்க நடைமுறையாதல் வேண்டும். ஒரு மாணவரின் வருகைக்காக நடாதூர் அம்மாள் பாடத்தை நிறுத்திவைத்தார் என்னும் செய்தி, மரபு போற்றும் செய்தியே.